முகவுரையைப் படித்தவர்

(ஆய்வு மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'ஆராய்ச்சிக்கு நிதி தேடுவது எப்படி' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நோட்டும் பேனாவுமாக நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒரு பட்டியலுக்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. எந்த ஃபெல்லோஷிப், எவ்வளவு தொகை, கடைசித் தேதி என்ன? அப்படி ஒரு பட்டியலை வாசித்துவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அது ஆறு மாதத்தில் பழசாகிவிடும். வயது வரம்பு மாறும், திட்டத்தின் பெயர் மாறும், சில திட்டங்கள் சத்தமில்லாமல் நின்றுபோகும். அதைவிடப் பெரிய சங்கடம், பட்டியல் கையில் இருந்தும் விண்ணப்பம் தேறாதவர்கள்தான் நான் பார்த்தவர்களில் அதிகம். பல தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தகுதி இல்லாமல் தோற்றவர்களைவிட, பணம் தருபவர் எதற்காகத் தருகிறார் என்று பார்க்காமல் தோற்றவர்கள் கூடுதல். இன்று பேசப் போவது அதைப் பற்றித்தான். அதற்கு 1913இல் சென்னையில் வழங்கப்பட்ட ஓர் உதவித்தொகையின் கதையிலிருந்து தொடங்குகிறேன். தொகை மாதம் 75 ரூபாய். பெற்றவர் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் கதை உங்களுக்குத் தெரியும். ஏழைப் பையன், கணித மேதை, கேம்பிரிட்ஜ், ஹார்டி, டாக்சி எண். அந்தக் கதையில் பணம் எப்படி வந்தது என்ற பகுதியை மட்டும் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். இன்றைக்கு அதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அவருடைய முதல் உதவித்தொகையே பறிபோனதுதான். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தபோது ஸ்காலர்ஷிப் கிடைத்தது. ஆங்கிலக் கட்டுரையில் தேறவில்லை என்று அது நின்றுபோனது. பிறகு பச்சையப்பன் கல்லூரி, எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வு, அதிலும் தோல்வி. கையில் பட்டம் இல்லை, நோட்டுப் புத்தகம் மட்டும் இருக்கிறது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போய், இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்த வி. ராமசாமி ஐயரைப் பார்க்கிறார். ஐயர் டெபுடி கலெக்டர். நோட்டைப் புரட்டியவர், இந்த மூளையைத் தாலுக்கா ஆபீஸில் ஒரு குமாஸ்தா நாற்காலியில் உட்காரவைக்கக் கூடாது என்று முடிவு செய்து, சென்னையிலிருந்த கணிதக்காரர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். அந்தக் கடிதங்களின் வழியாகப் போய்ச் சேரும் இடம், நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ். 'உனக்கு என்னதான் வேண்டும்?' என்று அவர் கேட்டதற்கு இராமானுஜன் சொன்ன பதிலின் சாரம்: சாப்பாட்டுக் கவலை இல்லாமல் ஆராய்ச்சி செய்ய அவகாசம். ஃபெல்லோஷிப் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. ராவ் தன் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பிறர் தயவில் நெடுநாள் இருக்க மனம் ஒப்பாமல், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தர் வேலையில் சேர்ந்தார் இராமானுஜன்.

துறைமுகத்திலும் அவருக்கு வாய்த்தவர்கள் நல்லவர்கள். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கணக்குப் பிரிவை நடத்திய எஸ். நாராயண ஐயர். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் எம்.ஜே.எம். ஹில்லுக்கு எழுதிக் கேட்டார். ஹில் உருகிவிடவில்லை, விரியும் தொடர்களில் பையன் சறுக்கியிருக்கிறான், இன்னின்ன புத்தகம் படிக்கட்டும் என்று பதில் போட்டார். அடுத்து இராமானுஜனே நேரடியாகக் கேம்பிரிட்ஜுக்கு எழுதினார். பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய கணிதவியலர்களிடமிருந்து உதவி ஒன்றும் வரவில்லை. 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்ட கடிதம்தான் ஹார்டிக்குப் போனது. இன்று நம் மாணவர்கள் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் பதில் போடவில்லை என்றதும் ஃபெல்லோஷிப் கனவையே மூட்டை கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் பேக்கர், ஹாப்சன் பெயர்களையும் சொன்னேன்.

அதே ஆண்டு பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவராகச் சிம்லாவில் இருந்த கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறார். வாக்கர் கேம்பிரிட்ஜில் பேர்பெற்ற கணித மாணவர். ஸ்பிரிங் அவரிடம் நோட்டைக் காட்டுகிறார். வாக்கர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தைப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிற பேராசிரியர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். தன் துறை வேறு, அதனால் இந்த முடிவுகளின் சரியான மதிப்பைத் தன்னால் சொல்ல முடியாது என்று ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் தற்சிந்தனையில் இது கேம்பிரிட்ஜ் கல்லூரி ஃபெல்லோ ஒருவரின் வேலைக்கு நிகராகத் தோன்றுகிறது என்கிறார். கடைசியில் பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதைத் திட்டவட்டமாகக் கேட்கிறார்: சில ஆண்டுகளுக்குப் பிழைப்புக் கவலையின்றி இவர் கணிதத்தில் முழுநேரமும் ஈடுபட வழி செய்யுங்கள். தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது, தான் கேட்பது என்ன என்று மூன்றும் அதில் தெளிவாக இருந்தன. நம்மூர்ப் பரிந்துரைக் கடிதங்களோ 'இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஒழுக்கச் சான்றிதழை வைத்துக்கொண்டு தேர்வுக் குழு என்ன செய்யும்?

இதற்குப் பிறகுதான் விஷயம் விதிகளில் போய் முட்டுகிறது. கணிதப் பாடக்குழு மார்ச் மாதத்தில் கூடி, பேராசிரியர் ஹனுமந்த ராவின் முன்னெடுப்பில், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆட்சிக்குழுவில் ஆட்சேபம் வந்தது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும், இவரோ எஃப்.ஏ.கூடத் தேறாதவர். விதி விதிதானே? அப்போது உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர் ஒரு கேள்வி கேட்டார். பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரை ஆராய்ச்சியை வளர்ப்பதைப் பல்கலைக்கழகத்தின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறதே, இந்த மனிதர் ஆராய்ச்சி செய்யக்கூடியவர் என்பதில் யாருக்காவது சந்தேகம் உண்டா? சந்தேகம் யாருக்கும் இல்லை. 1913 மே 1 முதல் உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. இராமானுஜன் துறைமுக வேலையை விட்டுவிட்டுத் திருவல்லிக்கேணிக்குக் குடிபோனார்.

அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் விதியைப் படித்திருந்தார்கள். முகவுரையைப் படித்தவர் ஒருவர்தான்.

ஒரு நிபந்தனையும் இருந்தது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். இராமானுஜன் தந்தார். ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று, மறு மார்ச்சில் ஒன்று. இன்று 'இராமானுஜனின் தலைமைத் தேற்றம்' என்று கணிதவியலர்கள் சொல்வது அந்தக் காலாண்டு அறிக்கைகளில் இருப்பதுதான். முன்னேற்ற அறிக்கை எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பல் ஏறியபோதும் செலவு சென்னைப் பல்கலைக்கழகத்துடையதே: ஆண்டுக்கு 250 பவுன், பயணத்துக்கும் உடைக்கும் தனியாகப் பணம். டிரினிட்டி கல்லூரி 60 பவுன் சேர்த்துக் கொடுத்தது. கேம்பிரிட்ஜ்தான் அவரைக் கண்டெடுத்தது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.

சரி, இன்றைக்கு வருவோம். இன்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாதை நெட், ஜே.ஆர்.எஃப். அதைப் பற்றி நான் அதிகம் பேசத் தேவையில்லை. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப்புக்கு மாதம் 37,000, எஸ்.ஆர்.எஃப்புக்கு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் என்றால் முதல் இரண்டு ஆண்டு 70,000, பிறகு 75,000, 80,000 என்று ஏறும். ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வுச் செலவுக்கும் தருவார்கள். நெட் போலப் பரீட்சை எழுதி வாங்குகிற பணத்தில் தருபவரின் மனதைப் படிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பரீட்சை முடிந்த இடத்திலிருந்துதான் நான் சொல்ல வருவது தொடங்குகிறது.

பணம் தரும் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு முகவுரை இருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாடா 1892இல் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார். வெளிநாடு போய்ப் படிக்கிறவர்களுக்கு அது இனாமாகத் தரவில்லை, கடனாகத் தந்தது. திரும்பி வரும் பணத்தில் அடுத்தவர் போவார். அதன் முதல் பயனாளிகள் ஃப்ரெனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் என்ற இரண்டு பெண் மருத்துவர்கள். இந்தியர்கள் உயர்பதவிகளுக்கும் உயர்தொழில்களுக்கும் தகுதி பெற வேண்டும் என்பது டாடாவின் நோக்கம். அந்த நோக்கத்துக்குக் கடன் என்ற ஏற்பாடு பொருந்துகிறது.

ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை வேறு மாதிரி. அவர்களுக்கு நாட்டு ஒதுக்கீடும் கிடையாது, துறை ஒதுக்கீடும் கிடையாது. அவர்கள் பார்ப்பது ஆளை. ஒருமுறை ஹம்போல்ட் ஃபெல்லோ ஆனவரோடு ஆயுளுக்கும் தொடர்பு வைத்துக்கொள்வார்கள். மறுபடி ஜெர்மனி வந்து தங்கவும் உதவுவார்கள். அதனால் அங்கே உங்கள் திட்டத்தைக் காட்டிலும் உங்கள் இதுவரையிலான பாதை முக்கியம். நேர்மாறாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடொவ்ஸ்கா கியூரி ஃபெல்லோஷிப்புக்கு அடிப்படையே இடப்பெயர்ச்சி. எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அங்கே முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஏன் இப்படி ஒரு விதி என்று முனகுகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் எல்லை தாண்டி நடமாட வேண்டும் என்பதற்காகவே அந்தப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மதிப்பெண்ணையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள்: ஆய்வின் தரத்துக்குப் பாதி, தாக்கத்துக்கு 30 விழுக்காடு, செயல்படுத்தும் விதத்துக்கு 20. இதைப் படித்த பிறகும் பத்துப் பக்கத்தில் ஒன்பதரைப் பக்கம் ஆய்வின் பெருமையை எழுதி, மீதி இரண்டுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் இப்போது பெரிய மாற்றம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான எஸ்.இ.ஆர்.பி. என்ற பழைய நிதி வாரியம் அதற்குள் அடங்கிவிட்டது. ஐந்து ஆண்டில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியேயிருந்து, தொழில் நிறுவனங்களிடமிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வரும் என்பது கணக்கு. அது வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது இது: ஐ.ஐ.டி. போன்ற சில இடங்களிலேயே ஆராய்ச்சிப் பணம் குவிகிறது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போவதில்லை என்ற குறை அந்த அமைப்பு உருவானதற்கு ஒரு காரணம். அதனால்தான் பெரிய நிறுவனம் ஒன்றை நடுவில் வைத்து, மாநிலப் பல்கலைக்கழகங்களை அதோடு இணைக்கும் 'பேர்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நாங்கள் சின்ன ஊர்க் கல்லூரி, எங்களுக்கு யார் தருவார்கள் என்று தயங்குகிற ஆசிரியர்கள் இங்கே இருப்பீர்கள். சில முகவுரைகளில் உங்கள் சின்ன ஊர்தான் தகுதி.

தமிழ், வரலாறு படிக்கிறவர்கள் நமக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். சமூக அறிவியல் ஆய்வுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., வரலாற்றுக்கு ஐ.சி.எச்.ஆர்., தமிழுக்குச் செம்மொழி நிறுவனம் என்பவை நீங்கள் அறிந்தவை. அதிகம் பேர் எட்டிப்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் நூலகம், ஆர்கேடியா என்ற கொடையமைப்பின் பணத்தில், அழியும் நிலையில் உள்ள ஆவணங்களை மின்படியாக்க 2004 முதல் நிதி தருகிறது. மூல ஆவணம் அந்த நாட்டிலேயே இருக்கும், படி எல்லாருக்கும் இணையத்தில் கிடைக்கும் என்பது அவர்கள் கொள்கை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் இதில் நிதி பெற்றிருக்கின்றன. புதுச்சேரிக்காரர்கள் செய்த வேலைகளில் ஒன்று, தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் எடுத்த படங்களைக் காப்பாற்றியது. தாத்தா பாட்டி விறைப்பாக நிற்கும் கல்யாணப் போட்டோவை ஆராய்ச்சி என்று யார் நினைத்தார்கள்? அழிவிலிருந்து மீட்பது என்ற நோக்கம் உள்ளவரிடம் கேட்டபோது அது ஆராய்ச்சியாயிற்று. இதே படங்களை வைத்து அழகியல் ஆய்வு செய்கிறேன் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு காசு வந்திருக்காது.

ஓர் உதாரணத்தை எடுத்து முழுதாகப் பார்ப்போம். தூத்துக்குடி உப்பளங்கள். வேலை செய்கிறவர்களில் பெண்கள் நிறைய. தலைக்கு மேலே வெயில், உப்பில் பட்டுத் திரும்பும் கண்கூச்சம், ஒதுங்க நிழல் இல்லை, சிறுநீர் கழிக்க இடமில்லாததால் தண்ணீரையே குறைத்துக் குடிக்கும் வழக்கம். உங்களில் ஒருவருக்கு இதில் ஆய்வு செய்ய ஆசை என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போவீர்கள்?

இந்த வெப்பமும் நீரிழப்பும் சிறுநீரகத்தை என்ன செய்கின்றன என்பது உங்கள் கேள்வியானால் மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆர். கதவு. கூடவே ஒரு மருத்துவரும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். ஒப்புதலுக்கே மாதங்கள் ஆகும், அதை முதலில் தொடங்குங்கள். மழைக்கால வேலையின்மை, கூலி, சட்டப் பாதுகாப்பு என்று போனால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். பருவநிலை மாற்றத்தால் வேலை நேரம் எப்படிச் சுருங்குகிறது என்று கேட்டால் ஃபுல்பிரைட்டில் அப்துல் கலாம் பெயரால் வழங்கப்பட்ட பருவநிலை ஃபெல்லோஷிப் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். நடமாடும் நிழற்கூரை ஒன்றை வடிவமைத்துச் சோதிக்கலாம் என்றால் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குத் தரும் சிறு தொகையிலேயே ஆரம்பிக்கலாம். வெள்ளைக்காரன் காலத்து உப்பு இலாகாவின் கோப்புகளைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்காரப் போகிறவர் ஐ.சி.எச்.ஆரிடம் கேட்கலாம்.

உப்பளம் ஒன்றுதான், ஆனால் இவை ஒரே விண்ணப்பத்தின் ஐந்து நகல்கள் இல்லை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு முன்மொழிவை எழுதி வைத்துக்கொண்டு, அனுப்பும் இடத்துக்கு ஏற்ப 'ஆரோக்கியம்', 'பருவநிலை', 'பெண்கள் முன்னேற்றம்' என்று சொற்களை மட்டும் தூவுவார்கள். புடவைக் கடை பொம்மைக்குத் தினம் ஒரு சேலை மாற்றுவது போன்ற வேலை அது, வாசிப்பவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். மருத்துவக் கேள்வி என்றால் ரத்தப் பரிசோதனை எத்தனை பேருக்கு, எந்தப் பருவத்தில், ஒப்பிட யார் என்று இருக்க வேண்டும். கூலி பற்றிய கேள்வி என்றால் யார் வீட்டுக் கணக்கை எத்தனை மாதம் பின்தொடர்வீர்கள் என்று இருக்க வேண்டும். உங்களால் உண்மையாகவே செய்யக்கூடியது இவற்றில் எது என்று முடிவு செய்யுங்கள். கதவு தானே தெரியும்.

முன்மொழிவு எழுதுவது பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும் நான் சேர்க்கிறேன். நான் எந்த விண்ணப்பத்திலும் முதலில் திருப்பிப் பார்ப்பது பட்ஜெட் பக்கம். அங்கே ஆள் அகப்பட்டுவிடுவார். களப்பணி என்று மூன்று பக்கம் எழுதியவர் பயணச் செலவுக்கு 10,000 ரூபாய் போட்டிருந்தால் அவர் ஊரைவிட்டு நகரப் போவதில்லை. உப்பளத்துக்குப் போகிறவர் அன்றைய கூலியை இழந்து தன்னோடு உட்கார்ந்து பேசும் பெண்ணுக்கு என்ன ஈடு தருவது என்று யோசித்து ஒரு வரி சேர்த்திருந்தால், அவர் அங்கே போயிருக்கிறார் என்று எனக்குப் புரியும். கணினி, பிரிண்டர், மறுபடி கணினி என்று நிறைந்த பட்ஜெட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

பணம் வந்த பிறகும் கதை உண்டு. பொருள் வாங்க அரசின் ஜெம் தளம், ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது நம் பாஷையில் யூ.சி. அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது. எங்கோ ஒரு மேசையில் அந்தக் காகிதம் தூங்கிக்கொண்டிருக்க, ஆய்வு மாணவர் மாதக்கணக்கில் ஸ்டைபெண்ட் இல்லாமல் நண்பர்களிடம் கைமாற்று வாங்கிக் காலம் தள்ளுவது நம் நாட்டில் சர்வசாதாரணம். இது மாணவரின் குற்றமில்லை, அவர்களைத் திட்டிப் பயனுமில்லை. நெறியாளர்கள் இங்கே இருக்கிறீர்கள்: உங்கள் கல்லூரி அலுவலகத்தில் யூ.சி. பார்க்கும் எழுத்தரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் ஒருவர் வேண்டும். அவருக்கு எழுதும் கடிதம் ஒரு திரைக்குள் அடங்கட்டும். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மாபெரும் ஆய்வுப் பணியைக் கண்டு வியந்தேன்' என்பதை வெட்டுங்கள். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்த இடத்திலிருந்து உங்கள் கேள்வி கிளம்புகிறது, அவரிடம் என்ன கேட்கிறீர்கள் என்பது போதும். இராமானுஜன் ஹார்டிக்குத் தன் நிலைமையைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களைத்தான் இணைத்தார். ஹார்டியைப் பிடித்து நிறுத்தியவை அவைதான்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் கிடைத்துவிடுமா? கிடைக்காமலும் போகலாம். மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு 2024இல் 10,360 பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர்கள் சுமார் 1,700. அடுத்த ஆண்டே விண்ணப்பங்கள் 17,000ஐத் தாண்டின. இத்தனை பேரில் மயிரிழை வித்தியாசத்தில் நிற்பவர்களைத் தராசில் நிறுத்திப் பிரிக்க எந்தக் குழுவாலும் முடியாது. முடியும் என்று நடிக்கிறோம். நானும் அந்த மேசையில் உட்கார்ந்தவன்தான்.

குழுக்கள் தவறும் என்பதற்கு 1997இல் அழுத்தமான சான்று வந்தது. சுவீடனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஃபெல்லோஷிப் கொடுத்த விதத்தை கிறிஸ்டின் வென்னராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். குழுவின் மதிப்பெண் தாள்களை வாங்கவே அவர்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. விண்ணப்பித்த 114 பேரில் 52 பேர் பெண்கள். கிடைத்த 20 பேரில் பெண்கள் 4. ஓர் ஆணுக்குத் தரப்பட்ட அதே மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது. குழு உறுப்பினர் யாரோடாவது தொடர்பு இருந்தாலும் மதிப்பெண் ஏறியது. சுவீடனிலேயே இப்படி என்றால் மற்ற இடங்களை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் திருமணம், பிள்ளைப்பேறு என்று ஆய்வை நிறுத்திய பெண்களுக்காக 2002-03 முதல் அறிவியல் தொழில்நுட்பத் துறையில் தனித் திட்டம் இருக்கிறது. இப்போது வைஸ்-கிரண் என்ற பெயரில். தயங்கி நிற்கும் தங்கைகள் அதைப் பாருங்கள்.

இன்னொரு ஆய்வு 2018இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. இளம் ஆய்வாளர்களுக்கான நிதியில் வெட்டுக்கோட்டுக்குச் சற்று மேலே தப்பியவர்களையும், சற்றுக் கீழே விழுந்தவர்களையும் எடுத்து, எட்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். மதிப்பெண்ணில் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் தப்பியவர்கள் அடுத்த எட்டு ஆண்டில் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் நிதி திரட்டியிருந்தார்கள். முதல் வெற்றியின் பெயர் அடுத்த குழுவை மயக்கியது ஒரு காரணம். இன்னொரு காரணம், விழுந்தவர்களில் பலர் அதன் பிறகு விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டார்கள். குழுவின் மயக்கத்துக்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது காரணம் உங்கள் கையில் இருக்கிறது.

மயிரிழை வித்தியாசத்தையும் பிரித்துவிடலாம் என்ற நடிப்பைச் சில நாடுகள் நிறுத்திக்கொண்டன. நியூசிலாந்தில் ஒரு மருத்துவ ஆய்வு நிதியில் 2013 முதல், தகுதி பார்த்து வடிகட்டிய பிறகு சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம் பிரிக்க முடியாத சமநிலை வரும்போது 2021 முதல் குலுக்குகிறது. பிரிட்டிஷ் அகாடமி 2022இல் சிறு நல்கைகளுக்கு இதையே கொண்டுவந்தது. என்ன அநியாயம், அறிவுக்குச் சீட்டா என்று கேட்கிறவர்கள் உத்திரமேரூருக்கு ஒருமுறை போய்வரலாம். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் முதலில் தகுதி வடிகட்டல்: நிலம், வயது, கல்வி. அது முடிந்த பிறகு குடவோலை. வடிகட்டலில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. அவருடைய உறவினர் பெயரும் போகாது. யூ.சி. அனுப்பாத நெறியாளர்கள் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்: மாமன் மைத்துனன் வரைக்கும் தடை.

ஓர் எச்சரிக்கையை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்த பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். 'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், செயல்முறைக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். தேர்வு எழுதக் கட்டணம் இருக்கலாம். தேர்வான பிறகு உங்களிடம் பணம் கேட்கிறவர் உங்களுக்குப் பணம் தரப் போகிறவர் இல்லை.

நிராகரிப்புக் கடிதத்தோடு மதிப்பீட்டாளர்களின் குறிப்பு வந்தால் அன்றைக்கே படிக்காதீர்கள், கோபம் வரும். ஒரு வாரம் கழித்து நெறியாளரோடு உட்கார்ந்து படியுங்கள். 'இவர் புரிந்துகொள்ளவில்லை' என்று தோன்றும் இடங்களில் பாதி, நீங்கள் சரியாக எழுதாத இடங்களாக இருக்கும். மீதிப் பாதியில் அவர் உண்மையாகவே புரிந்துகொள்ளவில்லை, அவரை விட்டுவிடலாம். எழுதாத இடங்களைத் திருத்தி, அடுத்த அமைப்பின் முகவுரையை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம் இருக்கிறது. யாராவது முன்மொழிவு எழுதி வைத்திருந்தால் எடுத்து வாருங்கள். பட்ஜெட் பக்கத்தை மேலே வையுங்கள், அங்கிருந்தே பார்ப்போம்.